சரிபாதி

மூடிப்போன பனியன் கம்பெனி
எடைக்குப் போட்ட கணினிகளில் ஒன்று
வேலம்பாளையம் வாடகை வீட்டுக்கு வந்தது.
நெற்றியில் ஸ்டிக்கர்: கட்டிங் செக்‌ஷன் 4.
மூடியைக் கழற்றினால்
விசிறியை அடைத்துக்கொண்டு பஞ்சு,
ரோஸ், கிளிப்பச்சை, நேவி நீலம்,
எந்த ஊர்க் குழந்தைகள்
போட்டுக் கிழித்த சட்டைகளின் மிச்சமோ.
ஓவர்லாக் மிஷின் துடைக்கும் பிரஷ்ஷால்
ஒரு மத்தியானம் முழுக்கத் துடைத்தேன்.

உள்ளே இருந்த விண்டோஸுக்கு
என்னைப் பார்த்தாலே சந்தேகம்.
இது அசல் நகல் அல்ல என்று
வலது மூலையில் நாளெல்லாம் முணுமுணுக்கும்.
அசல் நகல்!
வாசித்துச் சிரித்தேன்.
லேபிள் வைக்கும் பதினோரு பேருக்குச்
சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு,
அதற்குத்தான் இந்தப் பெட்டி.
மூன்றாவது பேர் ஏறும்போது நின்றுவிடும்.
அப்போது சிரிக்கவில்லை.

ரீசார்ஜ் கடை ரெஜினா ஒரு பென்டிரைவ் தந்தாள்.
'லினக்ஸுங்க்கா. காசில்ல.'
வீட்டுக்காரர் டீயை ஆற்றியபடி சொன்னார்:
'ஓசியில குடுத்தா
எங்கியோ வில்லங்கம் இருக்கும் அம்மிணி.'

முதல் கேள்வியே நன்றாக இருந்தது.
நிறுவாமல் முயன்று பார்க்கிறாயா?
பெண் பார்க்க வந்தவர்கள்
இப்படிக் கேட்கவில்லை.
வீட்டு அட்வான்ஸ் வாங்கியவரும் கேட்கவில்லை.
முயன்று பார்த்தேன்.
மொழிப் பட்டியலில் கீழே, இன்னும் கீழே போய்த்
தமிழைத் தொட்டதும்
கோப்புகள். குப்பை. வெளியேறு.
எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்தான்.
பதினோரு பேரும் நிற்காமல் ஏறினார்கள்.
மரியபுஷ்பம், செல்லாயாள்,
ஒடிசாவிலிருந்து வந்த சாபித்ரி,
அவளுடைய ஓவர்டைம் மூன்றே கால் மணி.
கரண்ட் போனது.

வந்தபோது
கடையில் பிரித்துக் காட்டும் சேலை மாதிரி
மடிப்புக் கலையாமல் மறுபடி அதே கேள்வி.
ஒரு பெயரும் இல்லை.
முயன்று பார்க்கிறவர் எழுதியதை
யாரும் எடுத்து வைப்பதில்லையாம்.

ஞாயிறு. அவர் பல்லடம் போயிருந்தார்.
நிறுவு என்றேன்.
பாகம் பிரிக்கும் திரை வந்தது.
நீளமாய் ஒரு பட்டை, நடுவே இழுக்க ஒரு கோடு.
இந்தப் பக்கம் அவருடைய விண்டோஸ்.
அந்தப் பக்கம் உனக்கு,
எவ்வளவு வேண்டும்?

அவிநாசி சார்பதிவாளர் ஆபீஸில்
எட்டு வருஷம் முன்பு
அண்ணன் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தான்.
விடுதலைப் பத்திரம் என்று பேர்.
யாருக்கு விடுதலை என்று
எழுதியவர் வாசிக்கவில்லை.
நாலு ஏக்கர்,
கிணற்றில் வாரம் ரெண்டு நாள் மொறை,
பதினேழு தென்னை.
எனக்கு ஒரு பட்டுச்சேலை, மத்தியானம் சாப்பாடு.
எவ்வளவு வேண்டும் என்று கேட்க
அந்தக் காகிதத்தில் இடமே விட்டிருக்கவில்லை.

மவுஸைப் பிடித்தேன்.
முதலில் கால்வாசிதான் இழுத்தேன்.
பழக்கம்.
விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது.
பிறகு தள்ளினேன் நடுவரை,
மெகாபைட் கணக்குப் பார்த்து.

பிரின்டர் பேச மறுத்துவிட்டது.
தாள் தாளாகக் கேள்விக்குறி துப்பியது.
வைஃபைக்குப் போனைக் கயிற்றில் கட்டவேண்டியிருக்கிறது.
கடவுச்சொல் அடித்தால் கறுப்பு ஜன்னலில்
ஒரு புள்ளிகூட விழுவதில்லை,
மாமியார் வீட்டில் பேசுகிற மாதிரி.
அடித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே விட்டது.
சம்பளச் சீட்டை இந்த வாரம் கையால்தான் எழுதினேன்.
வில்லங்கம் இல்லாமல் இல்லை.

இரவு அவர் வந்து பெட்டியைப் போட்டார்.
கறுப்புத் திரை. சில வரிகள்.
பத்து விநாடி.
'என்றது எங்க?'
'இருக்குதுங்க. கீழ.'
'கீழயா?'
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி
அம்புக்குறி எந்தக் கட்டை என்று
அவர் குனிந்து பார்ப்பதற்குள்
என்னுடையது திறந்துவிட்டது.