முப்பத்தேழு நடை

மூன்றாவது ஸ்டேஜ் என்று டாக்டர் சொன்னதும்
அப்பா சிரித்துவிட்டார்.
"இன்னும் ஓட்டேரியே தாண்டலயே."
டாக்டருக்குப் புரியவில்லை.
இருபத்தொன்பது சி-யில் முப்பத்தோரு வருஷம்
விசில் ஊதியவர் என்று
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முப்பத்தேழு நாள் கதிர்வீச்சு.
முப்பத்தேழு நடை என்று எழுதிக்கொண்டார்
பழைய ட்ரிப் ஷீட்டின் முதுகில்.
சனி ஞாயிறு வண்டி டிப்போவில்.

குடல் காலியாக இருக்க வேண்டும்,
நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்.
முக்கால் மணி நேரம் முன்பே
அரை லிட்டர் தண்ணீர்,
பிறகு அடக்கிக்கொள்ள வேண்டும்.
வரிசையாக உட்கார்ந்து
அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்
ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார்,
காசிமேட்டு மீன் ஏலக்காரர்,
ஐயப்பன்தாங்கலிலிருந்து வரும் பாதிரியார்.
எல்லார் முழங்காலும் ஆடிக்கொண்டிருக்கிறது.
மெஷின் பழுது, இன்னும் இருபது நிமிஷம் என்று
ஷெர்லி சிஸ்டர் வந்து சொன்ன நாளில்
ஏலக்காரர்
மெஷினின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார்.
பாதிரியார் ஆமென் என்றார்.

அப்பா மட்டும் அசையவில்லை.
"இதென்ன, பெசன்ட் நகர்லேர்ந்து பெரம்பூர் வரைக்கும் அடக்குவேன்.
அத்தன கூட்டத்துல வண்டிய நிறுத்திட்டு எங்க போறது?
அதுக்குத்தான் தண்ணியே குடிக்க மாட்டேன்."
எத்தனை தடவை சொல்லியிருப்பார் இதை,
பெருமையாக, சோற்றைப் பிசைந்தபடி.
இன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி.
ஆண் சுரப்பைக் கொஞ்ச நாள்
அணைத்து வைக்கும் என்றார்கள்.
ராத்திரி இரண்டு மணிக்குச்
சட்டையைக் கழற்றிவிட்டு
பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்,
மார்கழிப் பனியில் வியர்த்து.
அம்மா ஃபேனை ஐந்தில் வைக்கிறாள்.
"எனக்கு இப்படி எரிஞ்சப்போ
குளுருது, நிறுத்துடின்னீங்க."
சொல்லிவிட்டு
ஈரத்துண்டால் அவர் முதுகைத் துடைக்கிறாள்.
அவர் திரும்பாமலே கேட்டார்:
"எத்தன வருஷம் இருந்துச்சு உனக்கு?"
"நாலு."
அதற்குப் பிறகு வெகுநேரம்
ஃபேன் சத்தம் மட்டும்.

புரசைவாக்கத்து மெடிக்கலில்
பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டேன்.
கடைப்பையன் பேப்பரில் சுற்றிக்
கறுப்புக் கவரில் போட்டான்.
எனக்குப் பதிமூன்று வயதில்
இதே கடைக்குக் கூட்டி வந்த அப்பா
எதிர்ப்புறம் நின்றுகொண்டு
காசை மட்டும் கொடுத்து அனுப்பினார்.
கவர் வேண்டாம் என்று வாங்கி நடந்தேன்.
இந்நேரம் அவர் மாடிப்படியில்
பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருப்பார்
என்பது நினைவு வர
திரும்பிப் போய்
கவரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நடையில் முடியவில்லை.
மேஜை மேல்,
இடுப்பில் மை வைத்த மூன்று புள்ளிகளின் மீது
சிவப்புக் கோடு விழுந்துகொண்டிருந்தபோதே.
"பரவால்லப்பா" என்றாராம் ஷெர்லி சிஸ்டர்.
வெளியே வந்தவர் கையில்
நான்காக மடித்த விரிப்பு.
துவைத்துத் தருவதாகச் சொல்லி
வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆட்டோவில் லஸ் முனை வரை பேச்சில்லை.
பிறகு டிரைவரிடம், உரக்க,
சில்லறை கேட்கிற பழைய குரலில்:
"ஓரங்கட்டு தம்பி. ஒண்ணுக்கு வருது."

கார்ப்பரேஷன் கழிப்பறை வாசலில்
விரிப்பையும் மாத்திரைப் பையையும்
பிடித்துக்கொண்டு நின்றேன்.
உள்ளே
விட்டு விட்டு
சொட்டி
நின்று
திரும்பவும்.
இருபத்தொன்பது சி ஒன்று கடந்துபோனது,
படியில் தொங்குகிறவர்களை யாரோ
உள்ளே ஏறச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்க.
டிரைவர் மணி பார்த்தார்.
"மெதுவா வரட்டும்" என்றேன்.