நூற்றுப் பன்னிரண்டு மில்லி

பர்கூர் தாண்டி ஜெகதேவி ரோட்டில்
கல் அறுக்கிற பட்டறைக்கு எதிரே
இரவு பதினோரு மணிக்கு
மூன்று பேர் சண்டை போட்டோம்,
ஸ்கீக்காக.

பரோட்டா மாஸ்டர் முதலில்
ஏதோ சீட்டுக் கம்பெனி என்று நினைத்திருக்கிறார்.
"எவ்வளவு போட்டீங்க?"
"நூத்திப் பன்னண்டு மில்லி" என்றான் அருள்சகாயம்
நடு அகலத்தை மனதில் வைத்து.
"இங்க குடிக்கக் கூடாது தம்பி"
என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார்.

இந்தக் குளிருக்குச் சோதனைக்கென்று வந்தவை நான்கு ஜோடி.
நுனி மேல்நோக்கி வளைந்து,
பழசைவிட நாலு விரல் அகலம்.
எங்கள் மூவருக்கும் தோர்ஜேவுக்கும்
ஆளுக்கு ஒன்று.
ஒரு மாதம் ஓட்டிவிட்டு அறிக்கை எழுது என்றார்கள்.
எழுதினோம், இந்தியில், ஆளுக்கு நாலு வரி.
மிச்சம் முழுதும் லீவில் வந்து
சால்னாவோடு பேசுகிறோம்.

மாதையனுக்கு அரூர்ப் பக்கம்.
"ராத்திரி விழுந்த பனி இருக்கே,
சேகோ ஃபேக்டரிக் களத்துல காயுற கிழங்கு மாவு.
பழைய கட்டை முட்டி வரைக்கும் முழுகும்.
இது ஏரியில எருமை மேல உக்காந்து போற மாதிரி.
எருமை தண்ணிக்குள்ள, நாம மேல."
சொல்லும்போது இடுப்பு ஆடியது அவனுக்கு.

"நிழல் சரிவுக்கு வா" என்றான் அருள்.
எலத்தகிரிக்காரன், எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளமாட்டான்.
"காலையில ஏழு மணி.
ராத்திரி பூரா இறுகிக் கிடக்குது,
பாலிஷ் போட்ட கருங்கல்லு.
அங்க திருப்பிப் பாரு உன் எருமையை.
விளிம்பு பிடிக்காது. தடதடன்னு
பல்லு வரைக்கும் ஆடும்.
பழசு கத்திடா. இது தோசைக் கரண்டி."

நான் இரண்டு பக்கமும் சேரவில்லை.
எனக்கு வாய்த்தது வேறு பனி:
வெயில் பட்டு, மறுபடி உறைந்து,
ஆறின களி மேல் படிகிற ஏடு.
தாங்கும், தாங்கும்,
நான்காவது திருப்பத்தில் தாங்காது.
அகலம் அங்கே உதவியதா கெடுத்ததா
இன்றுவரை தெரியவில்லை.
விழுந்தவனுக்கு வேகம்தான் ஞாபகம் இருக்கிறது.

சொல்லித் தீரவில்லை.
பட்டறைக்குப் பின்னால் கொட்டிவைத்த
கல்பொடி மேட்டுக்குப் போனோம்.
பகலில் சாம்பல் நிறம்.
கம்பத்து விளக்கில் அப்படியொரு வெள்ளை.
வாட்ச்மேன் திம்மராஜு டார்ச் அடித்து,
என்ன தொலைஞ்சுது என்றார்.

பேக்கிங் சட்டம் இரண்டை
சாக்குக் கயிற்றால் காலில் கட்டி
மாதையன் உச்சியில் நின்றான்.
முட்டி மடித்தான். கை விரித்தான்.
பத்தடி வந்தான்.
மேலே மாவு, உள்ளே அறுத்த தண்ணீர் காயாத சேறு.
சட்டம் நின்றது, ஆள் நிற்கவில்லை.
எழுந்தபோது மீசை இல்லை, புருவம் இல்லை,
இரண்டு கண் மட்டும்.
"அகலம் பத்தல" என்றான்.

சிரிப்பு அடங்குமுன் அருள்
தோர்ஜேவுக்கு வீடியோ போட்டான்.
நான்காவது ஜோடிக்காரன்.
முழங்காலில் தகடு வைத்து
ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தான்.
தூங்கவில்லை.
தீர்ப்புச் சொல் என்று கேட்கத்தான் கூப்பிட்டது.
அதற்குள் போன் மேட்டுப் பக்கம் திரும்பிவிட்டது:
வெள்ளைச் சரிவு, மேலே இருட்டு,
வெளுத்துப்போய் ஒருவன்.

தோர்ஜே எழுந்து உட்கார்ந்தான்.
விளையாட்டே இல்லை குரலில்.
"புதுசா விழுந்ததா?
எவ்வளவு ஆழம்?
காத்து எந்தப் பக்கம்?"

மாதையன் வாயில் இருந்த பொடியைத் துப்பப் போனவன்
துப்பவில்லை.

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க"
என்றான் தோர்ஜே. "இடைவெளி விட்டு."

பட்டறையில் ரம்பம் நின்றிருந்தது.
நெடுஞ்சாலையில் ஓசூர் லாரி ஒன்று
கியர் மாற்றும் சத்தம்.

சரி, என்றேன் நான்.
ஒருவர் பின் ஒருவராக,
இடைவெளி விட்டு,
இறங்கினோம்.