வந்தானாம்

டர்பன். ஏழாவது மாடி.
லிஃப்ட் நின்று மூன்று வாரம்.
என் மேசையில் நாற்பத்தோரு இரவுகள் கிடக்கின்றன:
எங்கே செம்புக் கம்பி அறுபட்டது,
எந்தத் தெரு எத்தனை மணி நேரம் இருண்டது,
யார் யாரை அழைத்தார்கள்.

நான் யாரையும் பிடிப்பவள் இல்லை.
போலீஸ் வண்டியில் ஒரே ஒருமுறை ஏறினேன்,
பஸ் வராத நாளில், வீட்டுக்குப் போக.
என் வேலை யோசிப்பது.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை
வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.

மென்பொருள் கோடு இழுத்தது.
எண்கள் புள்ளிகளாகின.
நடுவே, ஈ மொய்த்த மாம்பழம் போல,
ஒரு பெரிய புள்ளி.
பதினேழு பேரும் அவனைத்தான் அழைத்திருக்கிறார்கள்.
ரூபன் கிஸ்தன், பீனிக்ஸ், வயது ஐம்பத்திரண்டு.
"கிடைத்துவிட்டான்" என்றார் கேப்டன் மகாத்தினி,
கதவில் சாய்ந்தபடி, பாதி ஆப்பிளோடு.

அன்றிரவு நானும் நம்பினேன்.
நம்பியதும் எல்லாம் பொருந்தத் தொடங்கியது.
பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தான், பொருந்தியது.
தங்கை கணவனுக்கு இரும்புக் கடை, பொருந்தியது.
மார்ச்சிலிருந்து தேவாலயத்துக்குப் போகவில்லை,
அதுவும், எப்படியோ, பொருந்தியது.
அங்கேதான் பயந்தேன்.
இவ்வளவு சுலபமாக நுழையும் செருப்பு
யார் காலுக்கும் நுழையும்.

காலையில் ஒரு தாளை நடுவே மடித்து
வலப்பக்கம் எழுதினேன்:
அவன் செய்யவில்லையென்றால்
நான் எதைப் பார்த்திருப்பேன்?
பக்கத்து மேசை லோஷினி எட்டிப் பார்த்தாள்.
"மணியைப் பாரேன்."

பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை.
தினமும். ஞாயிறு தவிர.

கிஸ்தன் பன்னி சௌ விற்கிறவன்.
அரை ரொட்டியைக் குடைந்து
பீன்ஸ் கறியை ஊற்றித் தருகிறவன்.
பதினேழு திருடர்களோ, பதினேழு பசித்தவர்களோ,
மதியச் சாப்பாடு சொல்லியிருக்கிறார்கள்.
நடுவில் நிற்பவன் தலைவன்தான் என்றில்லை,
கரண்டி பிடித்தவனாகவும் இருக்கலாம்.

இன்னொரு எண் இருந்தது.
கம்பி அறுந்த இரவுகளில் முப்பத்தெட்டில்
அது பேசவே இல்லை.
மௌனம் சம்மதம் என்பார்கள்.
என் தொழிலில் அது எதற்கும் சம்மதிப்பதில்லை.
மின்வெட்டு நேரம்; டவர் பாட்டரியையும்
யாரோ கழற்றிப் போயிருந்தார்கள்.
அந்த மேட்டில் அன்று
யாரால்தான் பேசியிருக்க முடியும்?

துப்புத் துலக்குவது என்கிறோம்.
பாத்திரம் துலக்கியவர்களுக்குத் தெரியும்,
சில கறை பாத்திரத்தில் இல்லை,
பார்க்கும் வெளிச்சத்தில்.

கேப்டனுக்கு மூன்று மணிக்கு அறிக்கை வேண்டும்.
ஆங்கிலத்தில். ஒரு பக்கத்தில்.
சனிக்கிழமை வகுப்புத் தமிழில்
எனக்கு மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் இது இருக்கிறது:

வந்தான். நான் பார்த்தேன்.
வந்தானாம். யாரோ சொன்னார்கள்.
வந்தானோ. தூக்கம் வரவில்லை.
வந்தானே! நீதான் நம்பவில்லை.

வாலில் ஒட்டிய இந்த எடைக்கல்லை
அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் வைப்பது?
தகவல் தந்தவன் "வந்தானாம்" என்றுதான் சொன்னான்.
பதிவேட்டில் "வந்ததாகத் தெரிகிறது" ஆனது.
கேப்டன் மேசையில் "வந்தான்."
ஒரு ஆம் உதிர்ந்த இடத்தின் வழியாக
ஒரு ஆள் உள்ளே போகிறான்.

"ஆமா, இல்லையா?" என்றார் கேப்டன்.
என்னிடம் இருந்தது வேறொரு ஆம்.
"கிஸ்தன் இல்லை, அநேகமாக.
மற்ற எண், தெரியாது.
எது தெரிந்தால் தெரியும் என்பதை
இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்."
அவர் முதல் பத்தியோடு எழுந்து போனார்.

நாற்பத்திரண்டாவது இரவும் வந்தது.
வெருலம் பக்கம் முந்நூறு மீட்டர் கம்பி.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்குப் பசித்தது.
கிஸ்தனின் எண் எனக்கு மனப்பாடம்.
விரல் ஏழு இலக்கம் வரை போய்விட்டு நின்றது.

திரையில்
பதினெட்டாவது கோட்டுக்கு
இடம் இருந்தது.