இரண்டாம் மாடி நடைக்கூடத்துக்கு ஓர் ஓவியம்

மருத்துவமனைக் கடிதத்தில் மூன்று நிபந்தனைகள்:
காடு இருக்க வேண்டும்.
அமைதி இருக்க வேண்டும்.
அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடாது,
கட்டில் திரும்பும் இடம் அது.

சரி என்று எழுதிவிட்டேன்.
முன்பணத்தில் இரண்டு தூரிகை வாங்கினேன்,
மிச்சத்தில் காருக்குப் பனிக்காலச் சக்கரம்.

அமைதிக்கு நான் எங்கே போவேன்?
எனக்குத் தெரிந்த காடெல்லாம் கொசு.

பதினோரு வருடத்துக்கு முன், எல்லைக்கு இந்தப் பக்கம்,
முழங்கால் சேற்றில் படகை இழுத்துக்கொண்டு
பென்டியும் நானும் போய்ச் சேர்ந்த ஏரி.
அதற்குப் பெயர் இருந்தது. வரைபடம் நனைந்ததில்
முதலில் அழிந்ததே அதுதான்.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு வருவதில்லை.
வருவதுபோல் வாசல்வரை வரும்,
செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விடும்.
நடுநிசியில் நான் அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது,
பார்க்க விரும்பாதபோதும்.

இப்போது கறுப்பு டியூபை மூடி அலமாரியில் வைத்தாயிற்று.
நீலத்தில் சிறிது காவி, காவியில் சிறிது பால்வெள்ளை.
இருட்டாத இரவுக்கு
நான்கு வாரமாக நிறம் தேடுகிறேன்.
காய்ந்தால் விடியலாகிவிடுகிறது.

பழைய குறிப்பேடு உதவவில்லை.
ஏரித் தண்ணீரைத் தொட்டு வரைந்த பக்கங்கள்,
இன்னும் தடவினால் நுண்மணல் நெருடுகிறது.
ஏழாம் பக்கத்தில், வானத்தின் நடுவே,
ஒட்டிப்போன ஒரு கொசு,
அதைச் சுற்றிப் பழுப்பாய் ஒரு துளி ரத்தம்.
யாருடையது என்று சொல்ல முடியாது.
அன்று நாங்கள் இன்னும் ஒரே கூடாரத்தில் இருந்தோம்.

பைன் மரங்களை வரைந்தேன்.
அடிமரம் சாம்பல், மேலே போகப் போகச் செம்பு,
வெயில் அங்கே மட்டும் தங்கிவிட்டதுபோல.
பாறைமேல் வெளுத்த பாசி.
தூரத்தில் குயிக்கா பறவை முழுகிய இடத்தில்
ஒரு வளையம், அவ்வளவுதான்; எங்கே எழும் என்று
எனக்கு அன்றும் தெரியவில்லை.

கூடாரம் வேண்டாம் என்று விட்டேன்.
பென்டியை வேண்டாம் என்று விட்டேன்.
தீப்பெட்டியை நனைத்தது நானா அவனா என்ற
மூன்று மணிநேரச் சண்டையை
இரண்டு மீட்டரில் எப்படி அடக்குவது?

ஆனாலும் கடைசி நாள், சட்டத்துக்கு அனுப்பும் முன்,
கை தானாகப் போயிற்று.
வலப்பக்கம், தாழ்ந்த பிர்ச் கிளையில்
ஒரு சிவப்புப் புள்ளி. கடுகைவிடப் பெரிது, அவரையைவிடச் சிறிது.

திறப்பு நாளில் நிர்வாகி ஹுட்டுனென் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"இது பறவைதானே?"
ஆமாம் என்றேன்.
"என்ன பறவை?"
"அபூர்வம்," என்றேன்.
அவர் தலையசைத்தார். எல்லோரும்
ஏலக்காய் ரொட்டிக்கும் காப்பிக்கும் போனார்கள்.

துடைப்பத்தோடு நின்ற பெண்மட்டும் போகவில்லை.
சட்டையில் ஐரா என்று எழுதியிருந்தது.
மூக்கு உரசுமளவு கிட்டே வந்து பார்த்தாள்.
"காலுறை," என்றாள். கேள்வியாக அல்ல.
பிறகு, "ஜோடி எங்கே?"

சொன்னேன்.
கடைசி உலர்ந்த தீக்குச்சியில் பிடித்த நெருப்பு,
அதன் பக்கத்தில் அவன் என் காலுறைகளைக் காயவைத்தான்,
சமாதானமாக, வாயால் சொல்லாமல்.
ஒன்று எரிந்துபோனது.
கம்பளி எரியும் நாற்றத்தில்
இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்,
அதுவே கடைசி என்று தெரியாமல்.
இப்போது அவன் ரோவனியேமியில்,
தீப்பெட்டியை நனைக்காத ஒருத்தியோடு.

ஐரா வாளியில் துடைப்பத்தைப் பிழிந்தாள்.
"எங்கள் வீட்டுக்காரர் கூடாரத்தையே எரித்தார்,"
என்று சொல்லிவிட்டு,
ஓவியத்துக்குக் கீழே ஒருமுறை
இழுத்துத் துடைத்தாள்.
"பார்த்துப் போங்கள்," என்றாள், "ஈரமாக இருக்கிறது."