வந்தேறி என்று எழுதி அடித்தேன்

வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தாறு சொற்கள்.
சூழலியல் பாடத்தின் பின்பக்கத்துக்கு:
இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் தமிழ்.
மகேபூர் பள்ளியில் தமிழ் வாத்தியார் நான் ஒருவன்தான்,
ஆகவே பூஞ்சைக்கும் புழுவுக்கும் நானே பொறுப்பு.

உணவுச் சங்கிலி சுலபம். உணவு வலை அதைவிட.
உற்பத்தியாளர் என்றதும் ஆலை முதலாளி முகம் வந்தது.
அவர் இல்லை, கரும்பு.
வெயிலைக் குடித்து இனிப்பாக்குகிறதே, அது.
நுகர்வோர்: மற்ற எல்லோரும்,
காலையில் மாத்திரை விழுங்கும் நான் உட்பட.
சிதைப்பிகள் என்று எழுதிவிட்டு
மேசைமேல் மறந்துபோன ரொட்டியைப் பார்த்தேன்.
பச்சையாய் ஒரு ஊரே குடியிருந்தது.

பதினேழாவதில் பேனா நின்றது.
வெளியிலிருந்து வந்து, பரவி, இருப்பதை நெரிக்கும் இனம்.
கை தன்பாட்டுக்கு 'வந்தேறி' என்று எழுதியது.
நல்ல சொல்தான், ஓசையும் இருக்கிறது.
ஆனால் தாளின் மேல் மூலையில் என் பெயர்:
வீரப்பன் என்று கப்பலேறி
பதிவேட்டில் வீராப்பென் என்று இறங்கிய பெயர்.
சொல்லும் பெயரும்
ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.
அடித்தேன்.

புதன்கிழமை புவான்ட் ழெரோமில் படகு.
முப்பத்தொரு பிள்ளைகள், முப்பது தொப்பிகள்,
ஒன்று கடலுக்கு.
எதிரே பவளப்பாறைமேல் குந்தியிருக்கும் சின்னத் தீவு,
இல் ஓ செக்ரெட்.
மார்லென் முட்டிபோட்டு சவுண்டல் கன்று பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
வந்தேறி என்றால் என்னவென்று
கிரியோலில் சொல்லிக் கேட்டேன்.
"வந்ததற்கா பிடுங்குகிறேன்?
அப்படியென்றால் முதலில் என்னைப் பிடுங்க வேண்டும், மிஸ்யே.
பக்கத்தில் எதையும் முளைக்க விடாது இது, அதற்குத்தான்."
அதற்குள் தண்டு பாதியில் அறுந்து
வேர் உள்ளேயே தங்கிவிட்டது.
அவள் சொன்ன அடுத்த வார்த்தையைப்
பிள்ளைகள் உடனே மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

பாதை திரும்பினால் கருங்காலி மரங்கள்.
இந்த மண்ணைத் தவிர வேறெங்கும் இல்லாதவை;
அதற்கும் ஒரு சொல் கொடுத்திருக்கிறார்கள்,
ஓரிட இனம், எண் ஒன்பது.
ஒல்லாந்தர் வெட்டியதுபோக மிச்சம்.
தமிழில் கருங்காலி என்றால் துரோகி என்றும் பொருள்:
கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே சாய்த்ததாம்.
காம்பைத் திட்டுகிறோம்,
கோடரி பிடித்த கைக்கு நம்மிடம் வசவு இல்லை.
பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவில்லை.

நெடுங்காலம் பழங்கள் தாய்மரத்தின் காலடியிலேயே
விழுந்தன, அங்கேயே அழுகின.
தின்று எடுத்துப்போன தீவின் பேராமைகள் எல்லாம்
கப்பல்களின் சமையற்கட்டுக்குப் போய்விட்டன.
வாழிடம் இருந்தது, உணவு இருந்தது,
நடுவில் ஒரு மாடம் மட்டும் விளக்கில்லாமல்.
சூழல் மாடம், எண் இருபத்திரண்டு.
சுவரில் குழிந்த அந்தச் சொல்லை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது அல்டாப்ராவிலிருந்து வேறொரு ஆமை.
சாயலில் உறவு, ஊரால் அயல்.
பதிலி இனம் என்கிறார்கள்.
ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்றது,
கழுத்தை நீட்டி ஒரு பழத்தை எடுத்தது,
மென்றது. மென்றுகொண்டே இருந்தது.
பள்ளிக்கூட மணியடித்தாலும் அசையாத வாய்.
தன் ஊர் எது என்று அதை யாரும் கேட்கவில்லை.

அப்பால், மரத்திலிருந்து நாற்பதடி தள்ளி,
காய்ந்த ஒரு சாணக் குவியல்.
லொவீனா சின்னத்தம்பு மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.
"மிஸ்யே, இதில் இலை இருக்கு!"
இரண்டு இலை, விரல்நகம் அளவு.
வரிசை கலைந்து எல்லாத் தலைகளும் அங்கே.
பின்னால் தொப்பியில்லாத பையன் கேட்டான்,
"இதற்குத் தமிழில் என்ன?"

சாணமா, கன்றா, இரண்டும் சேர்ந்ததா
என்று அவன் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இருபத்தைந்து சொற்கள் அனுப்பினேன்.
பதினேழாவது காலி.
பட்டியலில் இல்லாத 'பதிலி'யை
ஓரத்தில், பென்சிலால்,
அழிக்க வசதியாக.