எடை பார்க்கும் சனிக்கிழமை

ஆமை புகுந்த வீடு.
பிறகு வக்கீல்களும் புகுந்தார்கள்.
கார் டில்வினுக்கு, ஸ்வான்சீ வீடு க்ளெனிஸுக்கு.
ஆமையை யாரும் எழுதிக் கேட்கவில்லை.

நவம்பரிலிருந்து அது
பின்கட்டுப் பழைய ஃப்ரிட்ஜில், ஐந்து டிகிரியில்,
செருப்புப் பெட்டிக்குள் மண் போர்த்தித் தூங்குகிறது.
சனிதோறும் அவன் வருகிறான்
சமையல் தராசோடு.
"அறுநூற்றுப் பன்னிரண்டு."
"போன வாரம் பதினான்கு."
நோட்டில் குறிக்கிறாள். வேறு பேச்சில்லை.

இன்று மார்ச். வெதுவெதுப்பான நீரில்
ஒரு கண் திறந்தது,
மற்றது இன்னும் யோசனையில்.
இனி நவம்பர் வரை எடை பார்க்க வேண்டாம்.
அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போடுகிறான்.

மழையில் டாண்டலியன் இலை கிள்ளப் போனவள்
கதவருகே, திரும்பாமலே சொன்னாள்:
தராசை விட்டுவிட்டுப் போ,
எதற்குச் சுமந்துகொண்டு அலைகிறாய்.

ஆமை கழுத்தை நீட்டிக்
குடித்தது, வெகுநேரம்.