செயப்படுபொருள்

சண்டர்லாண்ட் மருத்துவமனை, ஏழாவது வார்டு.
தொண்டையில் குழாயோடு கிடந்த வில்ஃப் ரேய்ஸ்ட்ரிக்
வெள்ளைப் பலகையில் எழுதியது ஐந்தே எழுத்து:
எல், ஈ, ஏ, வீ, ஈ.
அதற்குமேல் மார்க்கர் நகரவில்லை.
கடைசி எழுத்தின் கீழ்க்கோடு
சறுக்கிக்கொண்டே போய்
படுக்கை விரிப்பில் முடிந்தது.

லீவ்.
நமக்கும் தெரிந்த சொல்தான்.
காய்ச்சல் என்று பொய்யெழுதி
வகுப்பாசிரியரிடம் நீட்டிய சொல்.
ஆனால் வில்ஃப் நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்.
சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து
அவருக்கு எல்லா நாளும் லீவு.

முதலில் படித்தவள் செவிலி மரிசெல்.
"கிளம்பணுமா? இன்னும் நாலு நாள் பொறுங்க, வில்ஃப்."
மணிலாவிலிருந்து கிளம்பிப் பதினொரு வருடம்.
அந்தச் சொல்லுக்கு
அவளிடம் வேறு பொருள் கைவசம் இல்லை.

மகன் கீத் பலகையைப் பார்த்ததும்
திரையை இழுத்து மூடினான்.
குனிந்து, மெதுவாக, "யாருக்கு?" என்றான்.
சீஹாமில் இரண்டு படுக்கையறை வீடு,
பதினாலு வருடக் கார்,
கடன் சங்கத்தில் கொஞ்சம்.
வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டார்.
அதையும் கீத்
ஒரு பதிலாகவே குறித்துக்கொண்டான்.

தமிழில் இதை எழுதும் எனக்கு வேறொரு தொல்லை.
எங்கள் விடு
துணையில்லாமல் வாசல் தாண்டாது:
விட்டுப் போ, விட்டு வை, விட்டுக் கொடு,
விட்டுத் தொலை.
யாரோ ஒருவர் தோளில் கைபோட்டுத்தான் வரும்.
அவர்களுடையதோ
பலகை நடுவே தனியாக நின்றது,
மேல்சட்டை இல்லாத நோயாளி மாதிரி.

தம்பி ஸ்டான் மத்தியானம் வந்தார்.
எண்பத்தைந்தில், வேலைநிறுத்தத்தின் கடைசி மாதம்,
குழந்தைக்குப் பால்மாவு இல்லையென்று
கம்பிவலை போட்ட பஸ்ஸில் ஏறி
வேலைக்குத் திரும்பியவர்.
அதன்பிறகு அண்ணனும் தம்பியும் பேசியது
வானிலை, கால்பந்து, பல்வலி.
பலகையைப் படித்தார்.
மறுபடி படித்தார்.
விடு, போகட்டும்.
காபி இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்று
நாணயம் போடும் பொந்தை விரலால் தடவியபடி
அறுபத்தெட்டு வயதில்
மூக்கு ஒழுக அழுதார்.

மேவிஸ் கடைசியாகப் படித்தாள்.
நாற்பத்தாறு வருட மனைவிக்கு
அந்தச் சொல் ஒரு விரல் நீட்டல்: போ.
பையை எடுத்தாள். போனாள்.
பஸ்ஸில் கடல் பக்கம் உட்கார்ந்தும்
கடலைப் பார்க்கவில்லை.

கொல்லையில் மழை.
ஆம்புலன்ஸ் வந்த அவசரத்தில்
புறாக்கூண்டின் கதவு திறந்தபடியே மூன்று நாள்.
உள்ளே ஈரம், பூனைத் தடம், சிந்திய சோளம்.
சனிக்கிழமை பிரான்சில் பறக்கவிட்ட இருபத்திரண்டில்
இருபத்தொன்று வீடு சேர்ந்திருந்தது.
அந்த நீலப் பெட்டை மட்டும்
கால்வளையத்தோடு எங்கோ
காற்றின் கணக்கில் கிடந்தது.

இதையாவது சாத்துவோம் என்று
தாழ்ப்பாளில் கை வைத்தாள்.
வைத்த கை அங்கேயே நின்றது.

மழை கழுத்துக்குள் இறங்கும்வரை
அந்த ஐந்தெழுத்தும் அவளும்
கதவின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.
பிறகு ஒரு செங்கல்லைத் தேடி எடுத்து
கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்தாள்.

வியாழக்கிழமை குழாயை எடுத்தார்கள்.
உப்புத்தாள் தேய்க்கிற குரலில்
வில்ஃப் கேட்ட முதல் கேள்வி:
"வந்துச்சா?"
"வந்துவிட்டது" என்றாள் மேவிஸ்.
"நேத்து சாயங்காலம். வால்ல ரெண்டு இறகு இல்ல."

அவள் சொன்னது அவள் மொழியில்.
அந்த விடு நான் சேர்த்தது.
எங்களிடம் அதுதான்
வேறொரு வினையின் முதுகில் ஏறிக்கொண்டு
முடிந்தது, இனிக் கவலையில்லை என்று சொல்லும்.

கீத் திரும்பவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.
மரிசெல் பலகையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டான் வந்தார்,
கையில் பன்றிக்கறி பை, புதுச் சவரம்.
நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு
அண்ணனின் பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டார்.
வில்ஃப் மேவிஸைப் பார்த்தார், என்ன இது என்பதுபோல்.

மேவிஸ் சன்னலைத் திறக்க எழுந்துபோனாள்.
புறாவைப் பற்றி
ஸ்டானிடம் யாரும் சொல்லவில்லை.